ஷெல்பியின் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மையம்: ஊரிலிருந்து தொடங்கும் ஓர் இசை வாழ்க்கை

வட கரோலைனாவின் சார்லட் நகரத்திலும் அதைச் சுற்றியும் தமிழ்க் குடும்பங்கள் நிறையவே வாழ்கின்றன. வார இறுதியில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம் என்ற பேச்சு எழும்போது மலையும் அருவியும் கேளிக்கைப் பூங்காவும்தான் முதலில் நினைவுக்கு வரும். அந்தப் பட்டியலில் ஷெல்பியையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். சார்லட்டிலிருந்து மேற்கே காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது அந்தச் சிற்றூர். ஊரின் நடுச் சதுக்கத்தில் 1907ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய நீதிமன்றக் கட்டடத்தைப் புதுப்பித்து, அந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த பாஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸின் பெயரில் ஓர் அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். அவர் 2012 மார்ச்சில் காலமானார். மையம் 2014 ஜனவரியில் திறக்கப்பட்டது.

இசைக் கலைஞர்களுக்கான அருங்காட்சியகங்கள் சிலவற்றை வேறு ஊர்களில் பார்த்திருக்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கிட்டார்கள், மேடையில் அணிந்த மினுமினுக்கும் சட்டைகள், சுவர் நிறையத் தங்க இசைத்தட்டு விருதுகள் என்று ஒரு வெற்றி ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருவோம். அந்த மனிதர் ஏன் அப்படி வாசித்தார், அந்த வாசிப்பு அவருக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்விகளுக்கு அங்கே விடை கிடைக்காது. ஷெல்பியில் கலைஞரின் கதையும் வட்டாரத்தின் கதையும் ஒன்றாகவே சொல்லப்படுகின்றன. பருத்தி வயல், நூற்பாலை, வீட்டுக்கூடம், வானொலி ஆகியவற்றின் நடுவில் வைத்துத்தான் ஸ்க்ரக்ஸைக் காட்டுகிறார்கள். இந்த மையத்தின் ஆகப் பெரிய சிறப்பு இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஒரு நாட்டார் இசைக் கலைஞரை அவருடைய ஊரிலிருந்து பிரித்தெடுத்தால், விரல் வேகத்தைப் பார்த்து வியப்பதற்கு மேல் நமக்கு எதுவும் மிஞ்சாது.

கருவியைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பாஞ்சோ என்றால் பொத்தான்களை அழுத்தி வாசிக்கும் புல்புல் தாராவை நினைப்பவர்கள் உண்டு. இது வேறு கருவி. வட்டச் சட்டத்தின் மேல் தோலை இழுத்துக் கட்டி, அதிலிருந்து நீண்ட கழுத்தை நீட்டி, தந்திகளை ஏற்றியிருப்பார்கள். இதன் முன்னோடிகள் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழியாக அமெரிக்க மண்ணில் வேரூன்றியவை. ஸ்க்ரக்ஸ் வாசித்தது ஐந்து தந்திப் பாஞ்சோ. அதன் ஐந்தாம் தந்தி மற்றவற்றைவிடக் குட்டையானது. கழுத்தின் பாதியிலேயே அதன் முறுக்காணி இருக்கும். கட்டைவிரல் அந்தத் தந்தியைத் திரும்பத் திரும்பத் தொட்டுச் செல்லும்போது, தம்பூராவின் சுருதி போல ஒரே சுரம் பாட்டு முழுவதும் உடன் வந்துகொண்டே இருக்கும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே சென்றால், அங்கே ஒலிக்கும் எந்தப் பதிவும் நம் காதுக்கு அந்நியமாகத் தோன்றாது.

ஸ்க்ரக்ஸ் 1924 ஜனவரி 6 அன்று, ஷெல்பிக்கு அருகே பாய்லிங் ஸ்பிரிங்ஸை ஒட்டிய ஃபிளின்ட் ஹில் என்ற விவசாயக் குடியிருப்பில் பிறந்தார். தந்தை விவசாயி, பாஞ்சோவும் வயலினும் வாசிப்பார். ஏர்லுக்கு 4 வயது இருக்கும்போதே அவர் இறந்துபோனார். தாய் காலால் மிதித்து இயக்கும் ஆர்கன் வாசிப்பவர். அண்ணன்கள், அக்காள்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு கருவி கைவந்திருந்தது. யாரும் அமர்ந்து பாடம் நடத்தவில்லை. வேலை முடிந்த மாலையில் வீட்டில் எப்படியும் இசை இருக்கும், அதற்குள்ளேயே பையன் வளர்ந்தான். நம் கிராமங்களில் நாதஸ்வரக் குடும்பத்திலோ பறை அடிக்கும் குடும்பத்திலோ பிறந்த பிள்ளைகள் கற்கும் வழியும் ஏறக்குறைய இதுதான் என்பதால், இந்தப் பகுதியைத் தமிழர்கள் எளிதில் உணர்ந்துகொள்வார்கள்.

ஏர்லும் அவருடைய அண்ணன் ஹோரஸும் சிறு வயதில் செய்துவந்த பயிற்சி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. இருவரும் வீட்டு முன்னால் நின்று ஒரே பாட்டை ஒன்றாகத் தொடங்குவார்கள். பிறகு வாசித்துக்கொண்டே ஒருவர் இடப்புறமாகவும் மற்றவர் வலப்புறமாகவும் வீட்டைச் சுற்றி நடப்பார்கள். நடுவில் ஒருவர் வாசிப்பது மற்றவருக்குச் சரியாகக் கேட்காது. வீட்டின் பின்புறம் சந்திக்கும்போது இருவரும் பாட்டின் ஒரே இடத்தில் இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். காலப்பிரமாணம் பிசகாமல் வாசிக்கக் கற்றுக்கொள்ள இதைவிடக் கடுமையான, இதைவிட மகிழ்ச்சியான வழியை நான் கேள்விப்பட்டதில்லை. பிற்காலத்தில் இசைக்குழுவின் மற்ற கருவிகள் எவ்வளவு வேகத்தில் விரைந்தாலும் ஸ்க்ரக்ஸின் பாஞ்சோ துளியும் முந்தாமல், துளியும் பிந்தாமல் ஓடுவதைக் கேட்கும்போதெல்லாம், வீட்டைச் சுற்றி நடந்த அந்த இரண்டு பிள்ளைகளை நான் நினைத்துக்கொள்கிறேன். கருவி கற்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இந்தச் செய்தியைக் கட்டாயம் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அவருக்கு 10 வயது இருக்கும்போது நடந்ததும் பலமுறை சொல்லப்பட்ட கதைதான். அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு தனியறைக்குள் போய், மனம் எங்கோ இருக்க, ஒரு பழைய மெட்டை வாசித்துக்கொண்டிருந்த பையன் திடீரென்று தன் வலக்கையைக் கவனித்தான். கட்டைவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் தாமாகவே மாறிமாறித் தந்திகளை மீட்டிக்கொண்டிருந்தன. இந்தக் கதையை மட்டும் தனியே எடுத்துச் சொன்னால், மூன்று விரல் வாசிப்பையே அன்று அந்தச் சிறுவன் கண்டுபிடித்தான் என்று ஆகிவிடும். அது உண்மையன்று. அந்த வட்டாரத்தில் ஸ்மித் ஹாமெட், ரெக்ஸ் புரூக்ஸ், பார்வையற்ற கலைஞரான மாக் உல்பிரைட் ஆகியோர் அவருக்கு முன்பே மூன்று விரலால் வாசித்தவர்கள். அருகிலுள்ள மற்றொரு ஊரைச் சேர்ந்த ஸ்னஃபி ஜென்கின்ஸ் அதே முறையை வானொலிக்கும் கொண்டுசென்றுவிட்டார். மற்ற பகுதிகளில் நகத்தால் தந்தியைக் கீழ்நோக்கித் தட்டி வாசிக்கும் பழைய முறை பரவியிருந்த காலத்தில், கரோலைனாவின் இந்தச் சிறு நிலப்பரப்பில் மட்டும் இப்படியொரு கை பழகிவந்திருக்கிறது.

அப்படியானால் ஸ்க்ரக்ஸ் செய்தது என்ன? முன்னோர்களின் மூன்று விரல் வாசிப்பில் சுரங்கள் துள்ளித் துள்ளி விழும். மெட்டு ஓரிடத்தில் தெளிவாகவும் அடுத்த இடத்தில் மங்கலாகவும் கேட்கும். ஸ்க்ரக்ஸ் கட்டைவிரலில் ஒரு பிளாஸ்டிக் மீட்டியும் மற்ற இரண்டு விரல்களில் உலோக மீட்டிகளும் அணிந்து, எட்டு எட்டாக ஓடும் சுரங்களைச் சீரான ஓட்டமாக மாற்றினார். அந்த ஓட்டத்துக்குள் மெட்டுக்கு உரிய சுரம் எதுவோ அதை மட்டும் சற்று அழுத்தி மீட்டுவார். சுற்றிலும் பத்துச் சுரங்கள் விரைந்தாலும் பாட்டின் வரி நமக்குத் தெளிவாகக் கேட்கும். எந்த விரல் எந்தத் தந்திக்கு எப்போது போக வேண்டும் என்பதை மெட்டுக்கு ஏற்ப அவ்வப்போது மாற்றிக்கொள்வதில்தான் அவருடைய மேதைமை இருந்தது. கை அசைவதே தெரியாது. மணிக்கட்டு நிலையாக இருக்க, விரல் நுனிகள் மட்டும் மிகச் சிறிய தொலைவுக்கு நகரும். அவர் வாசிக்கும் காணொளிகளைப் பார்க்கும்போது இடக்கையை விட்டுவிட்டு வலக்கையையே பாருங்கள். முகத்தில் எந்தச் சிரமமும் காட்டாமல், கூட்டத்தை அமைதியாகப் பார்த்தபடி நிற்கும் மனிதரின் கையில் இவ்வளவு நடக்கிறது என்பதை நம்பவே சிறிது நேரம் பிடிக்கும்.

பதின்ம வயதிலேயே மாரிஸ் சகோதரர்களின் குழுவோடு ஸ்பார்டன்பர்க் வானொலியில் வாசித்தவர், தாயைக் காப்பாற்ற வேண்டி ஷெல்பியின் லில்லி நூற்பாலைக்கு வேலைக்குப் போனார். மணிக்கு 40 சென்ட் கூலி. இரண்டாம் உலகப் போர்க் காலம் அது. போர் முடியும் தறுவாய் வரையில் ஆலைதான் அவர் வாழ்க்கை. இந்த ஆண்டுகளை ஓர் இடைவெளியாகக் கருதி விரைந்து கடந்துவிடுவது எளிது. பருத்தியும் நூற்பாலையும், ஷெல்பி அமைந்திருக்கும் கிளீவ்லாந்து கவுண்டியின் (மாவட்டத்தின்) பெரும்பாலான வீடுகளுக்குச் சோறு போட்டன. வேலை நேரம் போக மிஞ்சியதில்தான் அங்கே இசை வளர்ந்தது. பஞ்சாலைகள் நிறைந்த கோவையிலிருந்தோ ராஜபாளையத்திலிருந்தோ வருபவர்களுக்கு அந்த வாழ்க்கையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வட்டாரத்தின் தொழிலையும் உழைப்பையும் இசையோடு சேர்த்துச் சொல்லும் முடிவை மையத்தை அமைத்தவர்கள் எடுத்ததற்காக அவர்களைப் பாராட்டியே ஆக வேண்டும்.

1945இல் ஆலையை விட்டு வெளியேறியவர் நாக்ஸ்வில்லில் லாஸ்ட் ஜான் மில்லர் என்பவரின் குழுவில் சேர்ந்தார். அந்தக் குழு சீக்கிரமே கலைந்தது. ஜிம் ஷூமேட் என்ற வயலின் கலைஞரின் பரிந்துரையால், நாஷ்வில்லில் ஒரு ஹோட்டல் அறையில் மாண்டலின் கலைஞர் பில் மன்றோவின் முன் வாசித்துக் காட்டும் வாய்ப்புக் கிடைத்தது. மன்றோவின் குழுவுக்குப் பெயர் புளூகிராஸ் பாய்ஸ். அதில் பாடகராகவும் கிட்டார் கலைஞராகவும் இருந்த லெஸ்டர் ஃபிளாட்டுக்குக் குழுவில் பாஞ்சோவே வேண்டாம் என்ற எண்ணம் இருந்தது. அதுவரை கேட்டிருந்த பாஞ்சோக்கள் அவர்களுடைய பாட்டின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. ஸ்க்ரக்ஸின் வாசிப்பைக் கேட்டதும் ஃபிளாட் மனம் மாறினார். 1945 டிசம்பரில் ஸ்க்ரக்ஸ் குழுவில் சேர்ந்தார். அப்போது அவருக்கு 22 வயதுகூட நிறையவில்லை.

மன்றோவின் மாண்டலின், ஃபிளாட்டின் கிட்டார், சப்பி வைஸின் வயலின், ஹோவர்ட் வாட்ஸின் பாஸ், ஸ்க்ரக்ஸின் பாஞ்சோ என்று அமைந்த அந்த ஐவர் குழு 1946, 1947 ஆண்டுகளில் செய்த ஒலிப்பதிவுகளையே புளூகிராஸ் என்ற இசை வகையின் அடித்தளமாகப் பலரும் கொள்கிறார்கள். வகையின் பெயரே குழுவின் பெயரிலிருந்து வந்ததுதான். இங்கே எனக்கு ஓர் எண்ணம் உண்டு. ஹோட்டல் அறைக்குள் நுழையும்போதே ஸ்க்ரக்ஸின் கை முழுமை பெற்றுவிட்டது; குழு அவருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. எப்போது வாசிப்பை அடக்கிப் பாடகரின் குரலுக்கு இடம் விட வேண்டும், வயலின் முன்னே வரும்போது எப்படிப் பின்னால் நின்று தாளத்தைத் தாங்க வேண்டும் என்பதையே குழு கற்றுக்கொடுத்தது. தனித்து ஒலிக்கும் பாஞ்சோவைவிட, ஃபிளாட் பாடும்போது சுரங்களைக் குறைத்துக்கொண்டு பின்னணியில் நடக்கும் பாஞ்சோவைக் கேட்பதில்தான் எனக்கு நிறைவு அதிகம்.

1948இல் ஸ்க்ரக்ஸும் ஃபிளாட்டும் மன்றோவை விட்டு விலகி ஃபாகி மவுண்டன் பாய்ஸ் என்ற தங்கள் சொந்தக் குழுவைத் தொடங்கினார்கள். மன்றோ பல ஆண்டுகள் அவர்களோடு பேசவே இல்லை. அந்தக் குழு 1949 டிசம்பரில் பதிவு செய்த ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன் என்ற வாத்திய இசை, பாஞ்சோ கற்க விரும்பும் எவரும் எட்ட நினைக்கும் இலக்காக இன்றுவரை இருக்கிறது. பாட்டின் நடுவிலேயே தந்தியின் சுருதியை இறக்கி, உடனே பழைய இடத்துக்கே ஏற்றுவதற்காகப் பாஞ்சோவின் தலைப்பகுதியில் சிறு நெம்புகோல் அமைப்பு ஒன்றைத் தானே வடிவமைத்துப் பொருத்தினார் ஸ்க்ரக்ஸ். திருகினால் தந்தி வழுக்கிக் கீழே போய், திருப்பினால் பிசகின்றி மேலே வரும் அந்த ஒலி, முதன்முறை கேட்கும் யாரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும்.

குழுவின் வளர்ச்சியில் அவருடைய மனைவி லூயிஸுக்குப் பெரும் பங்கு உண்டு. 1950களின் நடுவிலிருந்து குழுவின் நிர்வாகத்தை அவர்தான் பார்த்தார். பெண்கள் அந்தத் தொழிலில் அரிதாகவே இருந்த காலம் அது. 1955இல் நோயுற்ற தாயைப் பார்க்கக் குடும்பத்தோடு சென்றபோது நேர்ந்த கார் விபத்தில் ஸ்க்ரக்ஸின் இடுப்பெலும்பு முறிந்தது. அவர் மேடைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆயின. அந்த இக்கட்டையும் தாண்டிக் குழுவைக் கல்லூரி அரங்குகளுக்கும் நாட்டார் இசை விழாக்களுக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுசென்றதில் லூயிஸின் தொலைநோக்கு இருக்கிறது. 1962 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் அவர்கள் வாசித்தார்கள். அதே காலத்தில் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காக வாசித்த தொடக்கப் பாட்டு, நாட்டின் எல்லா வீடுகளுக்கும் பாஞ்சோவின் ஒலியைக் கொண்டுசேர்த்தது.

1969இல் ஃபிளாட்டும் ஸ்க்ரக்ஸும் பிரிந்தார்கள். ஸ்க்ரக்ஸ் தன் மகன்களோடு சேர்ந்து, மின்சாரக் கருவிகளும் டிரம்ஸும் கொண்ட புதிய குழுவை அமைத்தார். பழைய ரசிகர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. வியட்நாம் போருக்கு எதிராக 1969 நவம்பரில் வாஷிங்டனில் கூடிய பெருங்கூட்டத்தின் முன் அவர் வாசித்ததும் அவருடைய உலகத்தில் பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. என்னைப் பொறுத்தவரை அவருடைய வாழ்க்கையின் மிகவும் மதிப்புக்குரிய பகுதி இது. 45 வயதில், பேரும் புகழும் பெற்ற பின், தன் பிள்ளைகள் கேட்கும் இசைக்குள் தன் கருவியை எடுத்துச் செல்லத் துணிந்த மனிதர் அவர். பிற்கால வாழ்க்கையை முழு ஆவணங்களோடு பார்க்க விரும்புவோர் நாஷ்வில்லில் உள்ள கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்துக்கும் ஒருமுறை சென்று வரலாம். 1985இல் ஃபிளாட், ஸ்க்ரக்ஸ் இருவரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஷெல்பியின் வலிமை அந்த வாழ்க்கையின் வேர்ப்பகுதியில் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பெரிய தொடுதிரை மேசை ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றிப் பலர் நின்று, வெவ்வேறு கருவிகளைத் தொட்டுக் கேட்டு, ஒரு குழுவில் எந்தக் கருவி என்ன வேலை செய்கிறது என்பதைத் தாங்களே கண்டறியலாம். முன்பின் தெரியாத குடும்பங்களின் பிள்ளைகள் அந்த மேசையைச் சுற்றி நின்று, யார் எந்தக் கருவியை எடுத்துக்கொள்வது என்று பேசி முடிவு செய்ததைப் பார்த்தேன். வயலின் கற்கும் பிள்ளை, தன் கருவி இந்த இசையில் எவ்வளவு வேறு விதமாகப் பேசுகிறது என்பதை அங்கே சட்டென்று கேட்டுவிடும். இசையில் ஆர்வமே இல்லாத மிகச் சிறு குழந்தைகளுக்கு இந்த இடம் அவ்வளவாகப் பொருந்தாது. எட்டு, ஒன்பது வயதிலிருந்து அழைத்துச் செல்லலாம்.

போவதற்கு முன் வீட்டில் ஒரு வேலை செய்துவிடுங்கள். மன்றோவின் குழு 1946, 1947 ஆண்டுகளில் செய்த பதிவுகளில் சிலவற்றையும், ஃபாகி மவுண்டன் பாய்ஸின் தொடக்ககாலப் பதிவுகளில் சிலவற்றையும் காரில் போகும் வழியிலேயே கேட்டுக்கொண்டு செல்லுங்கள். காதில் ஒலி பதிந்த பிறகு உள்ளே நுழைந்தால், ஒவ்வொரு படமும் ஒவ்வொரு கருவியும் கூடுதலாகப் பேசும். நுழைவுக் கட்டணம் உண்டு. திறந்திருக்கும் நாள்களையும் நேரத்தையும் மையத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. சிற்றூர் அருங்காட்சியகம் என்பதால் எல்லா நாளும் திறந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு போக வேண்டாம். அவசரமில்லாமல் பார்த்து, படித்து, கேட்டு வர அரை நாளாவது ஒதுக்குங்கள்.

இந்த இசையை நேரில் கேட்க வேண்டும் என்று தோன்றினால் இரண்டு வழிகள் உண்டு. ஷெல்பியிலேயே, அவ்வூரில் பிறந்த மற்றொரு இசைக் கலைஞரான டான் கிப்சனின் பெயரில் ஓர் அரங்கம் இருக்கிறது. அன்று மாலை அங்கே கச்சேரி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டால் ஒரே பயணத்தில் இரண்டையும் முடிக்கலாம். மற்றொன்று, 2022 முதல் செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தின வார இறுதியில், போல்க் கவுண்டியிலுள்ள மில் ஸ்பிரிங் என்ற ஊரில் ஸ்க்ரக்ஸின் பெயரில் நடந்துவரும் இசை விழா. மையமும் அதை நடத்துவோரில் ஒருவர். விழாவுக்குச் செல்லத் திட்டமிட்டால் அந்த வார இறுதிக்குத் தங்குமிடத்தைச் சீக்கிரமே பதிவு செய்துவிடுங்கள். சுற்றுவட்டாரத்தில் ஹோட்டல்கள் குறைவு.